வலிக்காத காலைப் பார்க்கத் தொடங்கிய கதை

சுகர் நோயாளிகளைப் பார்க்கும் இடங்களில் இப்படி ஒரு சோதனையைச் சிலர் கண்டிருப்பீர்கள். செவிலியர் நோயாளியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார். பேனா அளவுப் பிடி ஒன்றில் பொருத்திய நைலான் இழையின் நுனியை உள்ளங்காலில் வைத்து, இழை லேசாக வளையும் வரை அழுத்துவார். “தெரியுதுங்களா?” என்பார். கட்டை விரல், அதன் அடிமேடு, சுண்டு விரலின் அடிமேடு என்று இடம் மாறிக்கொண்டே போகும். சில சமயம் தொடாமலே “இப்பத் தெரியுதுங்களா?” என்றும் கேட்பார். சும்மா தலையாட்டுகிறவர்களைக் கண்டுபிடிக்க அது ஒரு வழி. ஊசியோ ரத்தமோ இல்லாமல் இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

உலகம் முழுக்க நடக்கும் இந்தப் பாதப் பரிசோதனை மருந்து கம்பெனியிலோ பெரிய ஆய்வகத்திலோ உருவானது அல்ல. தொழுநோயாளிகளின் புண்ணைப் பல ஆண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களிடமிருந்து வந்தது. அவர்களுக்கு வழிகாட்டியவர் நம் கொல்லிமலையில் பிறந்தவர்.

சேந்தமங்கலத்தைத் தாண்டி காரவள்ளி போனால், அங்கிருந்து இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் மலையேறுகிறது. 1913-இல் அந்தச் சாலை கிடையாது. அந்த ஆண்டு சேந்தமங்கலத்தில் திருமணம் செய்துகொண்ட ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் என்ற ஆங்கில மிஷனரித் தம்பதி, மணமான கையோடு மழையில் மலையேறி வாழவந்தி கிராமத்தில் குடியேறினார்கள். 1914 ஜூலை 17 அன்று அவர்களுக்குப் பிறந்த மகன் பால் பிராண்ட்.

ஜெஸ்ஸி பிராண்ட் பட்டம் பெற்ற டாக்டர் அல்ல. வெப்பநாட்டு நோய்களைப் பற்றி லண்டனில் சுருக்கமான பயிற்சி எடுத்தவர், அவ்வளவுதான். ஆனால் மலையில் வேறு ஆள் இல்லாததால் காய்ச்சலும் புண்ணும் பல்வலியும் அவர் வாசலுக்குத்தான் வந்தன. அதிகம் வந்தது நரம்புச் சிலந்தி. குடிதண்ணீரில் உள்ளே போய், காலில் கொப்புளமாக வெடித்து வெளியே தலைநீட்டும் நீளமான புழு அது. அதை வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். அறுந்த பாதி உள்ளேயே அழுகிச் சீழ் வைத்து ஆளையே கொல்லக்கூடும். ஒரு குச்சியில் மெல்லச் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக வெளியே எடுக்க வேண்டும். எங்கே நிறுத்துவது, எப்போது மறுபடி இழுப்பது என்பதை விரல் நுனிதான் சொல்லும். அப்பா இதைச் செய்வதைப் பார்த்துத்தான் பால் வளர்ந்தார். பின்னாளில் அவர் செய்த வேலை முழுவதிலும் இந்தப் பொறுமையின் சாயல் தெரிகிறது.

ஒரு நாள் தொழுநோயாளிகள் மூவர் மலையேறி வந்ததை அவர் தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். எல்லோருடைய புண்ணையும் வெறுங்கையால் தொடும் அப்பா அன்று கையுறை மாட்டிக்கொண்டு அவர்களின் பாதங்களைக் கழுவிக் கட்டுப் போட்டார். பிள்ளைகள் பக்கத்தில் போகக் கூடாது என்று கட்டளை. சிறுவனின் மனத்தில் அப்போது தங்கியது பயம்தான்.

ஒன்பது வயதில் படிப்புக்காக அவர் இங்கிலாந்து அனுப்பப்பட்டார். 1929-இல் அப்பா மலையிலேயே கடும் மலேரியா வகைக் காய்ச்சலில் இறந்துபோனார். மகன் முதலில் தச்சும் கட்டட வேலையும் கற்று, பிறகு லண்டனில் மருத்துவம் படித்து, போர்க்காலத்தில் அறுவை சிகிச்சை பழகி, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு, செங்கல்பட்டு திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்க அதன் தலைவர் ராபர்ட் காக்ரேன் அவரைக் கூப்பிட்டார். தோட்டத்தில் நடந்துகொண்டே காக்ரேன் தோலில் தெரியும் மாற்றங்களைப் பற்றி விளக்கிக்கொண்டு போக, பிராண்டின் கண் நோயாளிகளின் கைகளிலேயே நின்றது. மடங்கி இறுகிய, விரல் குறைந்த கைகள். இவை ஏன் இப்படி ஆகின்றன என்று கேட்டார். எலும்பு மருத்துவர் எவரும் இதுவரை இந்த நோயைக் கவனித்ததே இல்லை என்பதுதான் கிடைத்த பதில். விரல் மடங்கிய ஒருவரிடம் தன் கையைக் கொடுத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அழுகிப்போன கையில் பலம் இருக்காது என்பது எதிர்பார்ப்பு. பிடி இரும்பாக இறங்கியது, நகம் பதிந்தது. விடச் சொல்லிக் கேட்கும் அளவுக்கு வலி. இத்தனை பலமுள்ள தசை அந்தக் கையில் உயிரோடு இருக்கிறது என்றால், எல்லாமே அழுகிப்போகவில்லை. பிடித்தவருக்கோ தான் எவ்வளவு இறுக்குகிறோம் என்பதே தெரியவில்லை.

மடங்கிய கையை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியது பிராண்டுக்குப் பெரும்புகழ் தந்தது. என் கணக்கில் அவருடைய பெரிய வேலை அது அல்ல. நிமிர்த்திய கை மறுபடி புண்ணானபோது அவரும் உடனிருந்தவர்களும் செய்த வேலைதான் பெரியது. அங்கிருந்துதான் இந்தக் கதை செவிலியரின் கைக்கு வருகிறது.

ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை பிராண்டால் திறக்க முடியவில்லை. சிறுவனான ஒரு நோயாளி முன்வந்து சாவியை ஒரே திருப்பாகத் திருப்பிப் பூட்டைத் திறந்துவிட்டான். தரையில் ரத்தச் சொட்டு. பையனின் விரலைப் பார்த்தால் சாவி சதையைக் கிழித்து எலும்பு வரை போயிருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. நம் விரலில் சாவி அழுத்தும்போது, தோல் கிழிவதற்கு முன்பே வலி வந்து கையை நிறுத்திவிடுகிறது. அந்தப் பையனின் கையை நிறுத்த எதுவும் இல்லை.

1950-களின் தொடக்கத்தில் வேலூரில் ‘நவஜீவ நிலையம்’ என்ற பெயரில் நோயாளிகள் தங்கி வேலை பழகும் சிறு குடியிருப்பு உருவாகியிருந்தது. அங்கே ஒரு வழக்கம் தொடங்கினார்கள். ஒவ்வொருவரின் கையையும் காலையும் தினமும் பார்ப்பது. ஒரு சிறு கொப்புளம் தெரிந்தாலும் அது எப்படி வந்தது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை. ‘நோயால் தானாக வந்தது’ என்ற பதிலை யாரும் ஏற்கவில்லை. சுத்தியல் பிடியில் நீட்டிக்கொண்டிருந்த சிராய் ஒருவரின் உள்ளங்கையைக் கிழித்திருந்தது. இன்னொருவர் படித்து முடித்து விளக்கை அணைக்கும்போது சூடான கண்ணாடியில் கை பட்டிருந்தது. சூடான பாத்திரம் துணியில்லாமல் இறக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்தது, ஒன்றைத் தவிர. சிலருக்கு இரவோடு இரவாக விரல் நுனி காணாமல் போயிருந்தது. ராத்திரி கண்விழித்துக் காவல் இருந்தபோது தெரிந்தது, எலி. தூங்குகிற மனிதரின் விரலை எலி கடித்துத் தின்கிறது, அவர் விழிக்கவில்லை. அதற்குப் பிறகு ஊர் திரும்பும் நோயாளிகளுக்கு மருந்தோடு ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினார்கள்.

தொழுநோய்க் கிருமி விரலைத் தின்பதில்லை. அது நரம்பைக் கெடுக்கிறது, வலி போய்விடுகிறது. பிறகு நடக்கும் சேதத்தின் பெரும்பகுதி தினசரி வாழ்க்கையில் நடப்பது, ஆகவே தடுக்கக்கூடியது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர்கள் நம்பியதை இந்தத் தினசரிப் பார்வை கவிழ்த்துப் போட்டது. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் செவிலியம் பற்றி எழுதிய சிறு புத்தகத்தில், படுக்கைப்புண் வந்தால் பெரும்பாலும் நோயைக் குறை சொல்ல முடியாது, பராமரிப்பைத்தான் சொல்ல வேண்டும் என்ற கருத்தை வைத்தார். வேலூரில் தெரிய வந்தது அதே உண்மையின் இன்னொரு முகம். அசையாமல் கிடப்பவருக்கு முதுகிலும் இடுப்பிலும் எது நடக்கிறதோ, அதுவே வலி தெரியாமல் நடப்பவருக்கு உள்ளங்காலில் நடக்கிறது. பின்னால் 1987-இல் பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் என்ற இரு அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர்கள் படுக்கைப்புண் ஆபத்தை மதிப்பிட ஆறு கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். இன்று வார்டுகளில் பழகிப்போன அந்த அளவுகோலின் முதல் கேள்வி, இந்த நோயாளியால் அழுத்தத்தின் தொந்தரவை உணர்ந்து சொல்ல முடிகிறதா என்பதுதான்.

கையைவிடக் கால் கடினமாக இருந்தது. கையால் செய்யும் வேலையை மாற்றலாம், நடக்காமல் இருக்க முடியுமா? நடக்கும்போது நமக்குத் தெரியாமலே நாம் ஒரு காரியம் செய்கிறோம். ஓர் இடம் அழுத்தம் தாங்காமல் வலிக்கத் தொடங்கினால் எடையை வேறு பக்கம் மாற்றிக்கொள்கிறோம், லேசாக நொண்டுகிறோம், செருப்பைக் கழற்றி உதறுகிறோம். உணர்ச்சி போன காலுக்கு இதெல்லாம் இல்லை. ஒரே இடத்தை ஒரே மாதிரி அழுத்தி, காலையிலிருந்து இரவு வரை நடக்கும். புண் வந்த பிறகும் நொண்டாது. பிராண்ட் சொல்லிக்கொடுத்த பாடங்களில் செவிலியருக்கு மிகவும் பயன்படுவது இதுதான் என்பேன். உள்ளங்காலில் புண்ணோடு ஒருவர் நிமிர்ந்து நேராக நடந்து வந்தால், நிம்மதி அடையக் கூடாது, அங்கேதான் பதற வேண்டும்.

ஆறாத புண் என்று கைவிடப்பட்டவை மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தை எடுத்துவிட்டால் ஆறின. அதாவது அந்தச் சதைக்கு ஆறும் திறன் எப்போதும் இருந்தது. ஆற விடாமல் மிதித்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவே. ஆறிய காலுக்குச் செருப்பு வேண்டும். மிருதுவாக இருக்க வேண்டும், ஆனால் மிதித்தால் சப்பையாகிவிடக் கூடாது. ஆணி அடிக்கக் கூடாது, ஏனென்றால் தேய்ந்த செருப்பில் ஆணி மேலே வந்து குத்தினாலும் காலுக்குத் தெரியாது. பின்பக்கம் வார் வேண்டும், இல்லாவிட்டால் செருப்பு நழுவிப் போனதுகூடத் தெரியாமல் நடப்பார். பல பொருள்களைப் பரிசோதித்த பிறகு நுண்துளை ரப்பரில் வந்து நின்றார்கள். வேலூரிலும், 1955-இல் தொடங்கிய கரிகிரி ஷீஃபிலின் தொழுநோய் ஆய்வு மருத்துவமனையிலும் உருவான அதுதான் இன்றுவரை அரசு தொழுநோய்த் திட்டத்தில் கொடுக்கப்படும் எம்.சி.ஆர். செருப்பு.

அந்த ஆண்டுகளில் பிராண்டுக்கே பயத்தில் கழிந்த ஒரு ராத்திரி வந்தது. இங்கிலாந்தில் நீண்ட ரயில் பயணம் முடிந்து, உடம்பு சரியில்லாமல் அறைக்கு வந்து காலுறையைக் கழற்றினார். குதிகாலில் ஓரிடம் தொட்டால் தெரியவில்லை. ஊசியால் குத்தினார். ரத்தம் வந்தது, வலி இல்லை. தனக்கும் நோய் தொற்றிவிட்டது என்று முடிவு செய்து, மனைவி மக்களை இனி எப்படித் தொடுவது என்று விடியும்வரை தூங்காமல் கிடந்தார். காலையில் மறுபடி ஊசியை எடுத்துக் குத்தியபோது அலறிவிட்டார். பயணத்தில் ஒரே நிலையில் உட்கார்ந்ததில் நரம்பு அழுந்தி மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். அன்று அந்த வலியை அவர் கடவுளின் கொடையாக எண்ணினார். வாழ்நாள் முழுக்க அதையே சொன்னார், எழுதினார்.

1966-இல் அவர் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வேலூரில் கண்ணால் பார்த்ததை அங்கே கருவிகளால் அளந்தார்கள். ஒரு முறை பலமாக மிதிப்பதைவிட, மிதமான அழுத்தம் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை விழுவதுதான் உள்ளங்காலைக் கெடுக்கிறது என்று தெரிந்தது. தோல் கிழிவதற்கு முன்பே அந்த இடம் சூடாகிறது. ஆக, புண்ணுக்கு முன்னறிவிப்பு உண்டு. புறங்கையை வைத்து இரண்டு பாதங்களையும் ஒப்பிட்டால் பழகிய கைக்கு அது தெரிந்துவிடும். பின்னர் வந்த ஆய்வுகள், இரண்டு பாதங்களின் ஒரே இடத்தில் வெப்ப வித்தியாசம் 2.2 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நடப்பதைக் குறைத்துவிட வேண்டும் என்று எண்ணிலேயே சொல்லிவிட்டன.

நைலான் இழை வேறு வழியில் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் ஃபான் ஃபிரே வெவ்வேறு விறைப்புள்ள முடிகளை வைத்துத் தொடு உணர்வை அளந்தார். 1960-இல் ஜோசஃபின் செம்ஸும் சிட்னி வைன்ஸ்டைனும், தலையில் குண்டடிபட்ட போர்வீரர்களைச் சோதிக்க முடிக்குப் பதில் நைலானைப் பயன்படுத்தினார்கள். அதன் அழகு இதில் இருக்கிறது: இழை வளையத் தொடங்கிவிட்டால், அழுத்துகிற கை எவ்வளவு முரடாக இருந்தாலும் நோயாளியின் தோலில் விழும் விசை கூடுவதில்லை. சேலத்தில் ஒரு செவிலியர் செய்தாலும் லண்டனில் ஒருவர் செய்தாலும் பாதத்துக்கு ஒரே அளவுதான். எந்தக் கனமுள்ள இழை ஆபத்தான காலைப் பிரித்துக் காட்டும் என்ற கேள்விக்குக் கார்வில்லில் பணியாற்றிய பிர்க், சிம்ஸ் என்ற இரண்டு பிசியோதெரபிஸ்டுகள் விடை கண்டார்கள். தொழுநோயாளிகளையும் நீரிழிவு நோயாளிகளையும் சேர்த்துச் சோதித்து, 10 கிராம் விசையை உணர முடியாத பாதத்தில்தான் புண் வருகிறது என்று 1986-இல் வெளியிட்டார்கள். தொழுநோய் வார்டில் பிறந்த அறிவு சுகர் வார்டுக்கு இடம்பெயர்ந்தது அப்படித்தான்.

பிராண்ட் 2003-இல் காலமானார். அவருடைய அம்மா ஈவ்லின், மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலைக்குத் திரும்பி வந்து, நரம்புச் சிலந்தியோடு போராடி, 95-ஆம் வயதில் 1974-இல் இறந்து, வாழவந்தியில் கணவரின் பக்கத்திலேயே அடக்கமானார். 2000-இல் இந்தியாவில் நரம்புச் சிலந்தி இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. வேலூரிலும் கரிகிரியிலும் தினமும் கட்டுப்பிரித்துப் பார்த்துக் குறித்துவைத்த செவிலியர், கட்டுக்கட்டுபவர், செருப்புத் தைத்தவர் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை. அறிவு அவர்கள் கையில்தான் உருவானது.

மலையிலிருந்து இறங்கி நம் ஊர்களுக்கு வருவோம். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொல்கிறது. நாமக்கல் லாரி டிரைவர், திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் ஈரத்தில் நிற்பவர், பள்ளிபாளையம் விசைத்தறியில் விடிய விடிய நடப்பவர், வெறுங்காலோடு கோழிப்பண்ணையில் வேலை செய்யும் அக்கா, எல்லோர் வீட்டிலும் சுகர் மாத்திரை இருக்கிறது. வண்டி ஓட்டும்போது செருப்பைக் கழற்றிவிடும் டிரைவர்கள் நிறைய. இன்ஜின் சூடு பாதத்தில் படுவது மரத்த காலுக்குத் தெரியாது. தைப்பூசத்துக்கு எடப்பாடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடக்கும் கூட்டத்திலும் சுகர்காரர்கள் உண்டு. பக்தியைக் குறை சொல்ல மாட்டேன். மதிய வெயிலில் தார்ச்சாலை கொப்புளம் வைத்ததை உணராமல் அடுத்த ஊருக்கு நடந்துவிடுவார்களே என்றுதான் கவலை.

இவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தால் என்ன நடக்கிறது? பிரஷர், சர்க்கரை, மாத்திரை, கிளம்பு. செருப்பு கழற்றப்படுவதே இல்லை. ஒரு செவிலியருக்கு இத்தனை பேர் என்று கூட்டம் நெருக்கும்போது அவரை மட்டும் குறை சொல்வது நியாயமும் இல்லை. ‘வலிக்குதா?’ என்று கேட்பார், ‘இல்லீங்க சிஸ்டர், நல்லாத்தான் இருக்குது’ என்பார் நோயாளி. பேச்சு அதோடு முடிந்துவிடும். எலும்பே நொறுங்கிச் சரிந்துகொண்டிருக்கும் சார்கோ பாதம்கூடப் பலருக்குப் பெரிய வலி தராது. சிவந்து, வீங்கி, சூடாக இருக்கும். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து நடந்துவிட்டால் பாதத்தின் வடிவமே போய்விடும். வலியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத இடத்தில் செவிலியர் தன் கண்ணையும் புறங்கையையும் நம்பித்தான் முடிவெடுக்க வேண்டும். விரலிடுக்கில் வெள்ளையாக ஊறியிருக்கிறதா, காய்ப்புக்கு அடியில் கறுப்பாக ரத்தக்கசிவு தெரிகிறதா, ஒரு பாதம் மட்டும் சூடா, பாதத்தின் மேல்புறம் நாடி துடிக்கிறதா? நாடி இல்லையென்றால் அது ரத்த ஓட்டக் கோளாறு. அவரை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், இறுக்கமாகக் கட்டுப் போடவே கூடாது. நாடி நன்றாக இருந்து சூடு மட்டும் தெரிந்தால், புண் இன்னும் வரவில்லை. நடையை நிறுத்தினால் காலைக் காப்பாற்றிவிடலாம். ஒரு டிரைவரிடம் ஒரு மாதம் ஓய்வெடு என்றால் எடுக்க மாட்டார். எத்தனை நாள் விடுப்பு கிடைக்கும், வீட்டில் யார் இருக்கிறார்கள், கிளட்ச் மிதிப்பது எந்தக் கால் என்று கேட்டு அவருக்கு ஏற்ற வழியைச் சொல்வதும் இந்த மருத்துவ அறிவைச் சேர்ந்ததே.

2021 ஆகஸ்ட் 5 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வருகிறவர் மாத்திரை அட்டையைக் கொடுக்கும்போதே செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். சர்க்கரை நோயில் காலை இழப்பவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் அது முதலில் ஒரு சிறு புண்ணாகத்தான் தொடங்கியது.

உங்கள் வீட்டில் சுகர் உள்ளவர் இருந்தால் இன்று இரவே அவருடைய இரண்டு பாதங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். விரலிடுக்கைப் பாருங்கள். புறங்கையை வைத்து இரண்டு காலின் சூட்டையும் ஒப்பிடுங்கள். செருப்புக்குள் கையை விட்டுக் கல்லோ முள்ளோ இருக்கிறதா என்று தடவுங்கள். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது, யாரும் கேட்காவிட்டாலும் செருப்பைக் கழற்றிவிட்டு, “சிஸ்டர், காலைக் கொஞ்சம் பாருங்க” என்று சொல்லச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது இழைச் சோதனை செய்துகொள்ள வேண்டும். உள்ளங்காலில் புண் தெரிந்து அது வலிக்கவில்லை என்றால், மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.